சுயநிதிக் கல்லூரியில் ஆறு வருட நூலகர் வேலை: இருக்கலாமா, விலகலாமா?

கீழடுக்கு · 2025 ஆகஸ்ட் 12, இரவு 9.40

இன்று எங்கள் கல்லூரியில் நூலகர் நாள் கொண்டாடினார்கள். இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டோம், முதல்வர் பேசினார், பிள்ளைகளுக்கு வினாடி வினா வைத்தோம். மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது. மூன்றரை மணிக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து, "நாளையிலிருந்து ஒரு வாரம் அட்மிஷன் போன் வேலைக்கு வந்துடுங்க மேடம், லைப்ரரியை அட்டெண்டர் பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதிலிருந்து ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு 31 வயது. எம்.எல்.ஐ.எஸ்.சி. (நூலக அறிவியல் முதுகலை) முடித்துவிட்டு இந்தப் பொறியியல் கல்லூரியில் ஆறு வருடமாக இருக்கிறேன். சம்பளம் 21,000. சுமார் 19,000 புத்தகங்கள், ஒரு அட்டெண்டர், நான். நெட் (கல்லூரி வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு) இரண்டு முறை எழுதினேன், வரவில்லை. லீவு கேட்டால் நான்-டீச்சிங் என்கிறார்கள். தேர்வு ஹால் கண்காணிப்புக்கு மட்டும் டீச்சிங் பட்டியலில் பெயர் வருகிறது.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. போன மாதம் நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலைக்காகப் பதிவேட்டையும் ரேக்கையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் 212 புத்தகங்கள் இல்லை. சம்பளத்தில் பிடிப்போம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் பி.எட். படிக்கச் சொல்கிறார். இந்தத் துறையில் எனக்கு மேலே போக வழி இருக்கிறதா? இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய சாவி · ஆகஸ்ட் 12, இரவு 10.25

அம்மா, முதலில் சாப்பிடு. அரசு கலைக்கல்லூரியில் முப்பத்தோரு வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

மாலை போட்டாயே, அந்த ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தபோது அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. அவர் மாநிலக் கல்லூரிக் கணக்கு வாத்தியார். வகுப்பு நிறைய பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய மனுஷன், ஆளில்லாத அறையில் உட்கார முடியாமல் சில வாரங்களிலேயே பழைய வேலையைத் திரும்பக் கேட்டுப் போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகம் என்றால் என்னவென்று படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தபின்தான் அவருக்கு மனம் திரும்பியது. அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் வந்தது 1931-ல், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு 1933-ல்.

உனக்கு லண்டன் கப்பல் கிடைக்காது, எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது, விலகத் தோன்றுவது உன் குறை இல்லை என்பதைத்தான்.

அந்த 212 விஷயத்துக்கு வருகிறேன். காணோம் என்று கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் சேர்ந்த மூன்றாம் வருடம் எங்களுக்கும் இப்படித்தான் நூற்றுச் சொச்சம் குறைந்தது. அட்டெண்டரும் நானும் ஒரு மே மாதம் முழுக்க ரேக் ரேக்காக இறக்கினோம். தமிழ் இலக்கிய ரேக்கில், டூயி பகுப்பு எண் 894.811-ல், சங்க இலக்கிய உரைகளுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து ஆறு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகங்கள் இருந்தன. அதெல்லாம் 547-ல் இருக்க வேண்டியவை. ஒன்றுக்குள் பஸ் டிக்கெட், இன்னொன்றில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஹால் டிக்கெட் நகல். செமஸ்டருக்கு முன்னால் பையன் ஒளித்து வைத்திருக்கிறான், பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டான்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் பட்டியலைப் பார்த்தேன். ஒளிக்கப்பட்டவை எல்லாமே ஒற்றைப் பிரதி. அறுபது பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம் வாங்கி வைத்தால் அவன் வேறு என்ன செய்வான்? பட்டியலை எடுத்துக்கொண்டு வேதியியல் துறைத் தலைவரிடம் போனேன். அந்த வருட ஒதுக்கீட்டில் ஒவ்வொன்றுக்கும் நாலு பிரதி வாங்கினோம். அதன்பின் தமிழ் ரேக்குக்குப் பின்னால் வேதியியல் வரவே இல்லை. முப்பத்தோரு வருடத்தில் நான் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் மாடி · ஆகஸ்ட் 13, காலை 7.05

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் உதவி நூலகராக இருக்கிறேன். சம்பளப் பிடித்தம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது அவசரம்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் விதி 215 என்று ஒன்று இருக்கிறது. 20,000 புத்தகங்கள் வரை உள்ள நூலகத்தில் வருடா வருடம் முழு இருப்புச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். 20,000-லிருந்து 50,000 வரை என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது. அதற்கு மேல் போனால் மாதிரிச் சரிபார்ப்பு போதும். அதே விதியில், ஒரு வருடத்தில் இரவல் கொடுத்த, உள்ளே வைத்துப் படித்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து என்ற கணக்கில் தொலைவது இயல்பான இழப்பு என்று இருக்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளவை, அரிய நூல்கள் ஆகியவற்றை மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இது உங்கள் கல்லூரியைச் சட்டப்படிக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாட்டில் நூலக இழப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. உங்கள் இஷ்யூவும் (இரவல்) உள்வாசிப்பும் சேர்த்து வருடத்துக்கு 14,000 என்று வைத்தால் 70 புத்தகம் வரை இயல்பான இழப்பு. ஆறு வருடத்துக்கு 420. நீங்கள் 212-ல் நிற்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். சேரும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் வாங்கினீர்களா? இந்த ஆறு வருடத்தில் எத்தனை முறை சரிபார்ப்பு நடந்தது?

கீழடுக்கு · ஆகஸ்ட் 13, மதியம் 1.15

பட்டியல் வாங்கவில்லை சார். சாவியைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். சரிபார்ப்பு ஒருமுறைகூட நடக்கவில்லை. இஷ்யூ கணக்கு லெட்ஜரில் இருக்கிறது, உள்வாசிப்புக் கணக்கு கேட் ரிஜிஸ்டர் வழியாக ஓரளவு எடுக்கலாம்.

இரண்டாம் மாடி · ஆகஸ்ட் 13, மதியம் 1.50

அப்படியென்றால் உங்கள் கணக்கு தொடங்கிய நாளில் எத்தனை புத்தகங்கள் இருந்தன என்பதே யாருக்கும் தெரியாது. தெரியாத தொகையிலிருந்து இழப்பைக் கழிக்க முடியாது. இதைப் பணிவாக, ஒரு பக்கத்தில், தேதியோடு எழுதி முதல்வரிடம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாக வந்த மிரட்டலுக்கு எழுத்தில் பதில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது புதிதாகச் சேர்ந்தால், சாவியை வாங்குவதற்கு முன் கடைசி அக்சஷன் நம்பரை (புத்தகம் வந்த வரிசையில் பதிவேட்டில் தரும் எண்) எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

மேலே போவது பற்றி. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி உதவி நூலகர் அல்லது கல்லூரி நூலகர் நுழைவு நிலை சம்பள அடுக்கில் லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட்டும் (மாநிலத் தகுதித் தேர்வு) வேண்டும். யு.ஜி.சி. நெறிகளின்படி பெற்ற பிஎச்.டி. இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு. அங்கிருந்து லெவல் 11-க்கு பிஎச்.டி. உள்ளவர் நாலு வருடத்தில் போகலாம், எம்.பில். உள்ளவர் ஐந்து, மற்றவர் ஆறு. இடையில் 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்றும், ஐந்து நாள் பயிற்சி ஒன்றும் முடித்திருக்க வேண்டும். துணை நூலகர் நேரடித் தேர்வுக்கு பிஎச்.டி.யும் எட்டு வருட அனுபவமும். பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு பிஎச்.டி.யும் பத்து வருடமும், அதில் கல்லூரி நூலகராக இருந்த பத்து வருடமும் கணக்கில் வரும்.

படி இருக்கிறது, முதல் படியில் கால் வைப்பதுதான் கடினம். அதற்கு நெட், செட், பிஎச்.டி. இவற்றில் ஒன்று தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

விலகிப் போனவன் · ஆகஸ்ட் 13, இரவு 8.30

மேலே எழுதியவர்கள் எல்லோரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள், அல்லது இருப்பவர்கள். அவர்கள் சொல்வது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த லெவல் 10 இடம் எத்தனை காலியாகிறது, அதற்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் எட்டு வருடம் சுயநிதிக் கல்லூரி நூலகராக இருந்தேன். நெட் வாங்கினேன். மூன்று நேர்காணல் போனேன். என் அனுபவத்தைக் கேட்டபோது, நியமன ஆணையில் "லைப்ரரி இன்சார்ஜ்" என்று போட்டிருந்ததால் ஒரு இடத்தில் எட்டு வருடத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. முப்பத்தாறு வயதில் விலகி, மின்னிதழ்த் தரவுத்தளம் விற்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய், தேடுவது எப்படி என்று ஆராய்ச்சி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாதத்தில் பதினைந்து நாள் ரயிலிலும் லாட்ஜிலும் போகிறது. ஆனால் மகள் படிப்புச் செலவுக்குக் கை ஏந்தவில்லை.

தங்கச்சி, உனக்கு 31. இரண்டு வருடம் என்று நாள் குறித்துக்கொள். அதற்குள் நெட் வரவில்லை என்றால் விலகுவதில் எந்தக் குற்றமும் இல்லை. நான் ஐந்து வருடம் கூடுதலாகக் காத்திருந்தேன். அது இன்னும் வலிக்கிறது.

பழைய சாவி · ஆகஸ்ட் 13, இரவு 9.10

தம்பி சொன்னது நியாயம். நான் சேர்ந்த காலம் வேறு. நியமன ஆணையில் பதவிப் பெயர், தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்பு, மாதச் சம்பளச் சீட்டு, மூன்றையும் இப்போதே நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள் அம்மா. வேலையை விட்ட பிறகு கேட்டால் ஆபீஸில் தேடித் தர ஆள் இருக்காது.

நெறியாளர் · ஆகஸ்ட் 13, இரவு 9.45

ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிக் குறை எழுதிய பதிவை நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.

பார்கோடு · ஆகஸ்ட் 14, காலை 11.20

நெட் ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கல்லூரியில் இன்னும் லெட்ஜர்தான் என்றால் அதுவே உங்களுக்கு வாய்ப்பு.

கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காகச் செய்தது, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று போதும். நான் பொறியியல் படிக்கவில்லை, பி.ஏ. வரலாறு. யூடியூப் பார்த்து, மூன்று முறை கெட்டு, நாலாவது முறை நிறுவினேன்.

எனக்குக் கண்ணீர் வரவைத்தது தமிழ்ப் புத்தகங்கள். பழைய மென்பொருளில் யாரோ பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார்கள். திரையில் அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழ் மாதிரி தெரியும். கோஹாவுக்குள் ஏற்றியதும் அத்தனையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. 4,300 தலைப்புகள். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு, எக்செல்லில் வரி வரியாகச் சரிபார்த்தேன். "ஸ்ரீ" வரும் இடமெல்லாம் உடைந்தது, அதைக் கையால் திருத்தினேன்.

அப்புறம் ஆசிரியர் பெயர்கள். மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார், வரதராசன் மு. என்று ஒரே மனிதர் நாலு பேராக இருந்தார். பிள்ளை "மு.வ." என்று தேடினால் இரண்டு புத்தகம்தான் வரும், ரேக்கில் முப்பது இருக்கும். நாலையும் ஒரே பெயருக்குக் கீழே கட்டிவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் இதே கதி இன்னும் பல எழுத்தாளர்களுக்கு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்று ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு விதம். இந்த வேலையை வெளிநாட்டு மென்பொருள் செய்யாது, தமிழ் படித்த நூலகர்தான் செய்ய முடியும்.

முடித்த அடுத்த வருடம் பக்கத்து மாவட்டத்தில் இரண்டு கல்லூரிகள் கோஹா போட்டுத்தரக் கூப்பிட்டார்கள். இப்போது இருக்கும் வேலையே அப்படி அறிமுகமானவர் மூலம் வந்ததுதான். என்னிடம் இன்னும் நெட் இல்லை.

வடமராட்சி · ஆகஸ்ட் 14, மாலை 6.00

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன "டீச்சிங்கா நான்-டீச்சிங்கா" என்பதை வாசிக்கக் கவலையாக இருந்தது. இங்கே பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர், சிரேஷ்ட உதவி நூலகர், பிரதி நூலகர், நூலகர் என்று நிரல் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நூலகர் பல்கலைக்கழகத்தின் அலுவலர்களில் ஒருவர், மூதவையில் (செனட்) பதவிவழி உறுப்பினர். பீடாதிபதிகள் (டீன்கள்) இருக்கும் அதே மேசையில் நூலகருக்கும் கதிரை (நாற்காலி) உண்டு.

எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. இடங்கள் மிகக் குறைவு. ஆனால் அந்தக் கதிரை இருப்பதால், ஒரு புதுப் பாடநெறி தொடங்கும் முன்னமே புத்தகத்துக்கு என்ன வழி என்று கேட்க முடிகிறது. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது. நூலகத்தை ஆபீஸின் ஒரு மூலை என்று இங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் மாடி · ஆகஸ்ட் 14, இரவு 10.30

வடமராட்சி சொன்ன கதிரை நமக்கு ஆணையில் வராது, வேலையில்தான் வரும் என்று நினைக்கிறேன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஆராய்ச்சி மாணவி அழுதுகொண்டே வந்தார். ஆய்வேட்டில் 34 விழுக்காடு பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் அறிக்கை. யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைப்படி 10 வரை தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். வைவா (வாய்மொழித் தேர்வு) தள்ளிப்போகும், அவருக்கு மணநாள் குறித்தாகிவிட்டது.

அறிக்கையை அச்செடுத்து மேசையில் விரித்தோம். வண்ணம் அடித்த பத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பகுதி துணைநூற்பட்டியல். அடுத்தது, மேற்கோள் குறியோடும் ஆதாரத்தோடும் கொடுத்த பகுதிகள். இரண்டையும் அந்த விதிமுறையே விலக்கச் சொல்கிறது, பரிசோதித்தவர் விலக்காமல் ஓட்டியிருக்கிறார். விலக்கி ஓட்டினோம், 13 வந்தது. மிச்சத்தில் ஒரு இயல் முழுக்க வேறொருவர் வாக்கியங்களாக இருந்தது. அதை மறைக்கவில்லை. "இது உங்கள் வாக்கியம் இல்லைம்மா, மூலத்தை மூடி வைத்துவிட்டு நீங்கள் புரிந்துகொண்டதை எழுதுங்கள்" என்றேன். நாலு நாள் நூலகத்திலேயே உட்கார்ந்து எழுதினார். 8-க்கு வந்தது.

அந்த வருடத்திலிருந்து அவருடைய ஆய்வு நெறியாளர் புது மாணவர்களை முதல் மாதமே என்னிடம் அனுப்புகிறார். இப்போது துறையே ஆராய்ச்சி நெறிமுறைத் தாளில் எனக்கு வகுப்பு ஒதுக்கியிருக்கிறது. டீச்சிங் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை.

விலகிப் போனவன் · ஆகஸ்ட் 15, காலை 9.15

அருமையான வேலை சார். ஆனால் பட்டியலைப் பார்க்க வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு மாதம் முதல் தேதி யு.ஜி.சி. சம்பளம் வருகிறது, அதனால் பார்க்காமல் இருக்க முடிகிறது. 21,000 வாங்குகிறவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு இடைவெளியும் பெரிதாகிறது. ஆராய்ச்சி இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், 13,000 அளவில் இதழ்கள். நல்ல திட்டம். ஆனால் இப்போதைக்கு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைக்கும் அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் நூலகர், இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் திறந்த அணுக்க இதழ்களையும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்தையும் வைத்து ஈடுகட்ட வேண்டும். அதற்குத்தான் கூடுதல் திறமை வேண்டும், அவருக்குத்தான் குறைந்த சம்பளம்.

இரண்டாம் மாடி · ஆகஸ்ட் 15, காலை 10.00

ஒப்புக்கொள்கிறேன். என் கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கீழடுக்கு · ஆகஸ்ட் 17, இரவு 8.20

ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன், முத்திரை வாங்கிவிட்டேன். கை நடுங்கியது. அட்மிஷன் போன் வேலையை மதியத்துக்கு மேல் மட்டும் செய்கிறேன், காலையில் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்றும் அதில் சேர்த்திருந்தேன். ஒத்துக்கொண்டார்கள். கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்குமோ என்னவோ.

சாவி ஐயா சொன்னபடி நானும் அட்டெண்டர் அண்ணனும் ரேக் இறக்கத் தொடங்கியிருக்கிறோம்.

கீழடுக்கு · அக்டோபர் 19, மாலை 5.30

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். 212-ல் 74 கிடைத்துவிட்டன. 41 தப்பான ரேக்கில் இருந்தன, 19 பைண்டிங்குக்குப் போய் ஸ்டோர் ரூமிலேயே கட்டாகக் கிடந்தன, 14 துறை நூலகங்களில் கையெழுத்தில்லாமல் எடுத்துப்போனவை. தப்பான ரேக்கில் கிடந்ததில் 22, ஹீட் டிரான்ஸ்ஃபரும் ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும். ஐயா சொன்ன அதே கதை. அந்தப் பட்டியலை மெக்கானிக்கல் எச்.ஓ.டி.யிடம் காட்டினேன். அவரே முதல்வர் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிக்கு ஆர்டர் போயிருக்கிறது. மிச்ச 138 பற்றிக் குழு போட்டிருக்கிறார்கள், அதில் என்னையும் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். சம்பளப் பிடித்தம் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

டிசம்பர் நெட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவதால் என் வேகம்தான் பிரச்சினை. தினமும் காலை நாலரை முதல் ஆறு வரை பழைய வினாத்தாள் போடுகிறேன். விலகிப்போன அண்ணன் சொன்ன இரண்டு வருடக் கெடுவைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். 2027 ஆகஸ்ட். அதுவரை பி.எட். பேச்சு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பார்கோடு அக்கா, எங்களிடமும் 600 தமிழ்த் தலைப்புகள் பாமினியில் இருக்கின்றன. நீங்கள் திருத்திய எழுத்துப் பட்டியல் கிடைக்குமா?

பார்கோடு · அக்டோபர் 19, இரவு 7.10

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். மொத்தமாக ஏற்றாதீர்கள், முதலில் பத்துப் பதிவுகளைப் போட்டு "ஸ்ரீ"யும் "ௌ"வும் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.